‘தொடரும்’ என்ற சொல்லுக்கு மீண்டும் இடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்று, வெகுசன நாவலாசிரியர்களும் அவர்கள் பாகம் பாகமாக எழுதிக் குவித்த தொடர்நாவல்களும் தமிழ் வாசகரின் சுவையைக் கெடுத்துவிட்டதாகவும், பாடசாலை நூலகங்களிலும் ஊர் வாசிகசாலைகளிலும் அவற்றுக்கு இடமளிக்கலாகாது என்றும் கூறியிருந்தது. கட்டுரையாளரின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. எனினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்தவள் என்ற வகையிலும், ஓய்வுபெற்ற பின்னர் வாசிகசாலையொன்றின் நிர்வாகக் குழுவில் இருப்பவள் என்ற வகையிலும், அவருடைய முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. வாசிப்பு குறைந்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக நான் காண்பது, எம்மவர் தொடர்ந்து எழுதுவதற்கு எமது பத்திரிகைகளில் இடமில்லாமற்போனதைத்தான்.

முதலில் ஒரு சிறு சம்பவத்தைக் கூறிவிடுகிறேன். சென்ற தவணை விடுமுறையின்போது, பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்று, தம் வீட்டிலிருந்த புத்தகங்களை நான்கு பெட்டிகளில் அடைத்து எமது வாசிகசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றது. குழுவினர் அவற்றைப் பிரித்து, ஆய்வு நூல்களையும் கவிதைத் தொகுதிகளையும் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தொடர்நாவல்களை வாசற்படியோரம் அடுக்கினார்கள். பழைய பேப்பர் வாங்குபவர் வந்தால் நிறைக்குப் போட்டுவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். நான் குனிந்து பார்த்தேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் முதலாம், இரண்டாம், ஐந்தாம் பாகங்கள் இருந்தன. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் இரண்டாம் பாகம் மட்டும் இருந்தது. சுஜாதாவின் கணேஷ், வசந்த் வருகின்ற நாவல்கள் சில. மீதி முழுவதும் ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள். அலுமாரிக்குள் ஏறிய நூல்களிற் சில, வாங்கிய நாள் முதல் விரித்துப் பார்க்கப்படாதவை என்பது அவற்றின் முதுகைத் தொட்டாலே தெரிந்தது. வாசற்படியோரம் கிடந்த நாவல்களின் உள்ளட்டைகளிலோ இரவல் வாங்கியோரின் முதலெழுத்துக்கள் பென்சிலால் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்றில் பதினேழு பேர். எனக்குத் தெரிந்தவரை, அந்த வட்டாரத்தில் பதினேழு பேர் கையில் ஏறி இறங்கிய ஆய்வு நூல் எதுவும் இல்லை.

தொடர்நாவல் என்பது என்ன செய்கிறது என்பதை நான் என் அம்மம்மாவிடம் கற்றேன். 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954ஆம் ஆண்டு மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை என் சின்னம்மா வாரந்தோறும் இதழிலிருந்து கிழித்தெடுத்து, கோதுமைமாப் பசை தடவி, சாக்கு ஊசியாலும் நூலாலும் கட்டி வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்கள் அதிலே அப்படியே இருந்தன. நான் பாடசாலைச் சிறுமியாக இருந்த காலத்தில் அம்மம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. விளக்கு வைத்த பின்னர் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஏனெனில் அந்தப் பாகத்தில்தான் வந்தியத்தேவன் கோடிக்கரையிலே பூங்குழலியின் படகேறிக் கடல் கடந்து ஈழத்துக்கு வருகிறான். மாதோட்டமும் அநுராதபுரமும் கதைக்குள் வருகின்றன. ‘மாதோட்டம் எங்கட பக்கமெல்லே பிள்ளை, கேதீச்சரத்தடி’ என்று அம்மம்மா இடையில் மறித்துச் சொல்லுவார். தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் எழுதிய கதையிலே எம்முடைய மண் வருகிறதென்ற மகிழ்ச்சி, அந்தக் கிழவிக்கு இருந்தது. ஒரு வாரத்து இதழ் மட்டும் சின்னம்மாவுக்குக் கிடைக்காமற்போயிருந்தது. அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கதை கட்டினோம். பிற்காலத்தில் அச்சு நூலில் அந்த அத்தியாயத்தை வாசித்தபோது, அம்மம்மா கட்டிய கதை கல்கியின் கதையைவிட நன்றாக இருந்ததாகவே எனக்குப் பட்டது. இதை அடக்கத்தோடு சொல்கிறேன்.

கட்டுரையாளர் எல்லாத் தொடர்களையும் ஒரே மூட்டைக்குள் கட்டியிருக்கிறார். உண்மையில் அவை இரண்டு வேறு தொழில்கள். ஒன்று, ஒரே கதை பல பாகங்களாக நீளுவது. மற்றையது, ஒவ்வொரு நாவலிலும் கதை முடிந்துவிட, ஆள் மட்டும் மறுபடியும் மறுபடியும் வருவது.

முதலாவது வகையில் எழுத்தாளர் வாசகரின் ஆயுளில் ஒரு பகுதியைக் கேட்கிறார். கல்கியின் கதையைப் பத்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளை அது முடியும்போது பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டியிருக்கும். கதாபாத்திரங்களோடு தானும் வளர்ந்ததான உணர்வு அதற்கு வந்துவிடும். இந்தப் பிணைப்பு அறுபட வாசகர்கள் இலகுவில் விடுவதில்லை. கல்கி 1954 டிசம்பரில் காலமான பின்னர், விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற நாவலில் அதே கதையை மேலே கொண்டு சென்றமைக்கும், பாலகுமாரன் இராசராசனை வைத்து ‘உடையார்’ என்ற பெருநாவலை ஆறு பாகங்களாக எழுதியமைக்கும் பின்னால், முடிந்த கதையை முடிந்ததாக ஏற்க மனமில்லாத வாசகர் கூட்டமொன்று இருந்தது. 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமாக வந்தபோது, எங்கள் வாசிகசாலையில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்த உயர்தர வகுப்பு மாணவர்களின் தொகை, அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் கேட்டவர்களைவிட அதிகம். கேட்டு வந்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கக்கூடியதாக இருந்தது கிழிந்த முதற்பாகம் மாத்திரமே. அதற்குக் கல்கியைக் குறை கூற முடியாது.

இரண்டாவது வகையின் வரலாறு இன்னும் பழையது. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ‘இராஜாம்பாள்’ நாவலை எழுதியபோது துப்பறியும் கோவிந்தன் என்ற ஒருவரை உலவவிட்டார். அவரைப் பின்வந்த நாவல்களிலும் வாசகர்கள் எதிர்பார்த்தார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் அடுத்து வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்க் கோப்பையோடு வந்தார். 1968இல் ‘நைலான் கயிறு’ மூலம் சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் வந்தார். வசந்த் பின்னரே வந்து சேர்ந்தவர். தனியொருவராகச் சிந்திக்கும் துப்பறிவாளரை வைத்துக் கதை நடத்துவது கடினம். அவர் மனத்துக்குள் நினைப்பதையெல்லாம் ஆசிரியரே விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். குறும்பும் துடுக்கும் நிறைந்த இளையவன் ஒருவன் பக்கத்தில் நின்றால், விளக்கம் உரையாடலாகிவிடும், வாசகரும் சிரிப்பார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, இருவர் சேர்ந்து ஒரே பெயரில் எழுதும் சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா ஆகியோர் இணையாகவே அமைந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாதென்பது என் எண்ணம். குடும்பக் கதைகளும் துப்பறியும் கதைகளுமாக 115 நாவல்கள் எழுதி, அவற்றைத் தாம் நடத்திய ‘ஜகன்மோகினி’ இதழ் வாயிலாக வீட்டுப் பெண்களிடம் கொண்டு சேர்த்த வை. மு. கோதைநாயகி அம்மாளையும் இந்த வரிசையில் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். இலக்கிய வரலாற்று நூல்கள் அவரை இரண்டு வரிகளில் கடந்து செல்வது எனக்கு எப்போதும் மனக்குறை.

குறைகள் இல்லையென்று நான் வாதாடவில்லை. சாண்டில்யன் கடற்போரை எழுதும்போது பாய்மரத்தின் முறுக்கம் காதில் விழும். ஆனால் கதாநாயகி வந்தவுடன் மூன்று பக்கங்களுக்குக் கதை நங்கூரமிட்டுவிடும். என் சின்னம்மா அந்தப் பக்கங்களை ஊசியால் குத்தி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிட்டே எம்மிடம் தந்தார். நாங்கள் தையலைப் பிரித்து வாசித்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாதத்துக்கு இத்தனை நாவல் என்று ஒப்புக்கொண்டு எழுதியவர்களிடம், தொண்ணூறு பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டே போய், கடைசி ஆறு பக்கத்தில் அவசரமாக அவிழ்க்கும் பழக்கம் உண்டு. ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அத்தனையும் ஒரே தரத்தில் இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆயினும் விஞ்ஞானச் செய்தியொன்றைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து ஒரு குற்றத்தைக் கற்பனை செய்யும் அவருடைய உத்தி, பாடப்புத்தகத்துக்கு வெளியே விஞ்ஞானத்தைத் தொட்டுப் பார்க்காத என் மாணவர் பலருக்கு முதற் கதவாக இருந்தது.

இவற்றைவிடக் கவலைக்குரிய குறை ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதைக் குறிப்பிடவில்லை. நாவலை வரலாறென்று நம்பிவிடுவதே அது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் மரணத்துக்கு நந்தினியே காரணமென்று சோதனைத்தாளில் எழுதிய மாணவி ஒருத்திக்கு நான் புள்ளி குறைக்க நேர்ந்தது. நந்தினி கல்கியின் கற்பனை. கொலையில் சம்பந்தப்பட்ட ரவிதாசன் முதலியோரின் பெயர்களோ உடையார்குடிக் கல்வெட்டிலே பொறிக்கப்பட்டிருப்பவை. இதைச் சொல்லிக்கொடுத்தபோது அம்மாணவி அழவில்லை. ‘அப்படியென்றால் மற்றவர்களில் யார் யார் உண்மை, மிஸ்?’ என்று கேட்டாள். அடுத்த இரண்டு வாரங்கள் எமது தமிழ்ப் பாடவேளை சோழர் வரலாறாகவே கழிந்தது. அதற்கு முன்னரோ பின்னரோ எந்தப் பாடநூலும் எனக்கு அத்தகைய வகுப்பைத் தந்ததில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். தொடர்நாவலும் வெகுசன நாவலும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்ற தொனி கட்டுரையெங்கும் ஒலிக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், அறிஞர் சித்திலெவ்வை ‘அசன்பே சரித்திர’த்தை இலங்கையில் தந்தார். அடுத்து 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதிய இன்னாசித்தம்பி திருகோணமலையைச் சேர்ந்தவர். 1895இல் ‘மோகனாங்கி’யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையைச் சேர்ந்தவரே. நாயக்கர் காலத்து மதுரையையும் தஞ்சாவூரையும் களமாகக் கொண்ட அந்த நாவலைத் தமிழின் முதலாவது வரலாற்று நாவலென்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். கல்கி தமது முதல் வரலாற்றுத் தொடரான ‘பார்த்திபன் கனவு’க்குக் கை வைத்தது 1941இல். அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் முன்னரே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தத் துறையில் இறங்கிவிட்டார். இவ்விரு நூல்களும் புலவர்களுக்காக எழுதப்பட்டவையல்ல. ஊசோன் பாலந்தை கதை ஐரோப்பாவிலே பொதுமக்கள் சொல்லியும் கேட்டும் மகிழ்ந்த இரட்டைச் சகோதரர் கதையொன்றின் வழிவந்தது. மோகனாங்கி, காதலும் அரண்மனைச் சூழ்ச்சியும் நிறைந்த கதை.

அப்படியிருந்தும் இன்னாசித்தம்பிக்கும் சரவணமுத்துப்பிள்ளைக்கும் பின்னால் இங்கே கோவிந்தனோ சங்கர்லாலோ ஏன் தோன்றவில்லை? எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது. மூதூர் வ. அ. இராசரத்தினம் ‘கொழுகொம்பு’, ‘துறைக்காரன்’ ஆகிய நாவல்களைத் தந்தார். திருகோணமலை ந. பாலேஸ்வரியின் ‘சுடர்விளக்கு’, ‘பூஜைக்கு வந்த மலர்’ போன்றவற்றை என் வயதுப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள். அருள் சுப்பிரமணியத்தின் ‘அவர்களுக்கு வயது வந்துவிட்டது’ வெளிவந்தபோது அதன் தலைப்பே ஊரில் பேச்சாக இருந்தது. திறமை இருந்தது. இல்லாதது வாரந்தவறாமல் அந்தத் திறமைக்குப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகை. தமிழ்நாட்டிலே கல்கிக்கு அவருடைய சொந்த வார இதழ் இருந்தது. சாண்டில்யனுக்குக் ‘குமுதம்’ இருந்தது. ராஜேஷ்குமாருக்கும் அவர் தலைமுறையினருக்கும் மாத நாவல்கள் இருந்தன. வாரம் பிறந்தால் அத்தியாயம் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்குதல் எழுத்தாளரைப் பழக்குகிறது. ஓவியரும் அச்சகத்தாரும் முகவரும் அந்த நெருக்குதலோடு சேர்ந்தே வாழ்ந்தார்கள். எங்கள் எழுத்தாளர்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் காசில் ஒரு நாவலை அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, மிகுதிப் பிரதிகளைக் கட்டிலின் கீழ் அடுக்கும் வாய்ப்பே கிடைத்தது. அவ்வாறு அச்சிட்டவர் அதே கதாபாத்திரத்தை வைத்து இரண்டாவது நாவல் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

பக்கம் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் எம்மிடம் சான்று இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டது. நான் வாசித்துக்கொண்டிருந்த தொடர்கதைகள் பாதியில் நின்றன. இரவு மெயில் வண்டியில் வரும் புத்தகக் கட்டுக்காகக் காலையில் கடை வாசலில் நின்ற எங்களுக்கு அது பெரிய இழவாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில்தான் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டது. நெடுந்தீவுக் கடலோரத்தைச் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ வீடுகளுக்குள் கொண்டுவந்தது. தண்ணிமுறிப்புக் காட்டை அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ கொண்டுவந்தது. பாலேஸ்வரியும் அருள் சுப்பிரமணியமும் அந்த வெளியீடுகள் மூலமாகத் திருகோணமலைக்கு வெளியிலும் அறியப்பட்டார்கள். ‘வாடைக்காற்று’ 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இறக்குமதியைத் தடுப்பது நல்லதென்று நான் சொல்லவரவில்லை. புத்தகத்துக்கு வேலி போடுவதை எந்தக் காலத்திலும் நான் ஆதரிக்கமாட்டேன். மலிவு விலை, ஒழுங்கான விநியோகம், அடுத்த மாதமும் புத்தகம் வருமென்ற நிச்சயம் ஆகிய மூன்றும் சேர்ந்தவுடன் எங்கள் வாசகர் எங்கள் கதையை வாங்கினார்கள் என்பதைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கட்டுப்பாடு தளர்ந்து இந்திய இதழ்கள் திரும்பி வந்தபோது அந்த ஒழுங்கு கலைந்தது. பின்னர் போர் வந்தது. கடதாசியே கிடைக்காத காலத்தில் தொடர்கதையைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இப்போது அந்தக் காலம் கடந்துவிட்டது. ஞாயிறு இதழ்கள் பக்கம் பெருத்து, வண்ணத்தில் வருகின்றன. சோதிடத்துக்கும் சினிமாவுக்கும் சமையற் குறிப்புக்கும் நிரந்தரமான இடம் இருக்கிறது. சிறுகதைக்குச் சில வாரங்களில் இடம் கிடைக்கிறது. தொடர்நாவலுக்கு மட்டும் இல்லை. ஆகவே, ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான்: தங்கள் ஞாயிறு இதழில் ஒரு முழுப் பக்கத்தை, ஆண்டு முழுவதும், கிழக்கு மாகாணத்தையோ வடக்கையோ மலையகத்தையோ சேர்ந்த ஓர் எழுத்தாளரின் தொடர்நாவலுக்கு ஒதுக்குங்கள். ஐம்பத்திரண்டு வாரங்கள் என்பது ஒரு நாவலுக்குப் போதுமான நீளம். அந்நாவலில் வரும் முதன்மைப் பாத்திரம் வாசகருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு அதே பாத்திரத்தை வேறொரு கதையில் கொண்டுவரச் சொல்லுங்கள். படம் வரைய எமது இளம் ஓவியர் ஒருவரை நிரந்தரமாக அமர்த்துங்கள். ஒவ்வொரு வாரமும் வேறொரு கை வரைந்தால் வந்தியத்தேவனுக்கே முகம் மறந்துபோகும். எழுத்தாளருக்குச் சன்மானமும் கொடுங்கள். இதை எழுதும்போது தங்கள் முகாமையாளரின் புருவம் உயர்வது எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாளாந்தம் எழுதுவது இக்காலத்தில் இயலாதென்று சொல்வோருக்கு ஜெயமோகனின் ‘வெண்முரசு’ விடையாக இருக்கும். 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் இணையத்தில் வெளிவந்து 26 நாவல்களாக நிறைவுபெற்ற தொடர் அது. அதை வெகுசன நாவலென்று வகைப்படுத்தினால் அதன் வாசகர்கள் என்மீது சண்டைக்கு வருவார்கள். நான் குறிப்பிடுவது எழுதும் ஒழுங்கை மட்டுமே. தொடராக வந்ததை வாசகர் தொடர்ந்து வாசித்தார்கள். கனடாவில் வளரும் என் பேத்தி ஏழு பாகங்களுள்ள மந்திரச் சிறுவன் கதையை மூன்று தடவை ஆங்கிலத்தில் வாசித்து முடித்திருக்கிறாள். ‘அம்மம்மா, தமிழில் இப்படி அடுத்தது அடுத்தது என்று வாசிக்க என்ன இருக்கிறது?’ என்று தொலைபேசியில் கேட்டாள். கல்கியைச் சொன்னேன். ‘எங்கட ஊரைப் பற்றி?’ என்றாள். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு நேரமெடுத்தது.

எழுதுவதற்குக் கதைப்பொருள் இல்லையென்று மட்டும் எவரும் சொல்ல வேண்டாம். கந்தளாய்ப் பக்கத்துப் பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலே, இறந்த கணவனின் நன்மைக்காகச் சிவன் கோயிலுக்கு அறக்கொடை வைத்த நங்கைசானி என்ற பிராமணப் பெண்ணின் பெயர் இருக்கிறது. விஜயபாகு மன்னன் காலத்து அந்தக் கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. விதவையொருத்தி, அவள் செல்வம், அதைக் காக்க வந்த போர்வீரர்கள், சோழர் ஆட்சி போய்ச் சிங்கள மன்னனின் ஆட்சி வந்திருக்கும் காலம். கல்கியின் கையில் இது கிடைத்திருந்தால் ஐந்து பாகங்களுக்குக் குறையாது. திருகோணமலைக்கு அருகிலுள்ள பெரியகுளத்துப் பக்கம் போனால் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்ற பௌத்தப் பள்ளியின் இடிபாடுகளும் தமிழ்க் கல்வெட்டுகளும் இருக்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய காலையை நேரிற் கண்டவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்கிடையில் ஒரு துப்பறிவாளர் நடந்து போவதாகக் கற்பனை செய்து பாருங்கள். அவருக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. பெண்ணாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

வாசிகசாலைகளுக்கும் ஒரு வார்த்தை. நல்லது கெட்டதென்று நாவல்களைத் தரம் பிரிப்பதற்கு முன்னர், இருக்கும் தொடர்களின் பாகங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் பாகத்தை வாசித்துவிட்டு மூன்றாம் பாகத்தைக் கேட்டு வரும் பிள்ளையை ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வாசிகசாலைக்குள் வருவது பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான் இருக்கும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பல பதிப்பகங்கள் மலிவாக வெளியிட்டிருக்கின்றன. குறைந்த பாகங்களை வாங்கிச் சேர்ப்பது பெரிய செலவன்று. நகர சபை, பிரதேச சபை நூலகங்களுக்குப் புத்தகக் கொள்வனவுக்கு ஒதுக்கப்படும் பணத்தில் சிறு பங்கு இதற்குப் போதும்.

எமது வாசிகசாலையைப் பொறுத்தவரை, பழைய பேப்பர் வாங்குபவர் வருவதற்கு முன்னர் வாசற்படியோரம் கிடந்த அந்த நாவல்கள் அனைத்தையும் நான் திரும்ப உள்ளே தூக்கிவைத்துவிட்டேன். குழுக் கூட்டத்தில் இதற்காகச் சிறிது வாக்குவாதம் நடந்தது. அலுமாரியின் அடித்தட்டு மட்டும் தரப்பட்டிருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னின் மூன்றாம் பாகமாகிய ‘கொலை வாள்’, நான்காம் பாகமாகிய ‘மணிமகுடம்’, ‘கடல் புறா’வின் முதலாம், மூன்றாம் பாகங்கள் ஆகியவற்றை வீட்டில் மேலதிகமாக வைத்திருப்போர் தங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தெரிவித்தால், நானே நேரில் வந்து பெற்றுக்கொள்வேன். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கோதுமைமாப் பசை காய்ச்ச எனக்கு இன்னும் தெரியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உப்புவெளி,
திருகோணமலை.